பழைய சோறு வைட்டமின் பி12 தருமா?

வீகனாக (பால், முட்டைகூடச் சாப்பிடாத சைவமாக) இருக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்குப் பிரசவத்துக்குப் பிறகு தினமும் பழைய சோறு போதும், பி12 அதிலேயே கிடைத்துவிடும் என்று இங்கே பலர் பகிர்ந்திருக்கிறார்கள். நல்லெண்ணத்தில் சொன்னதுதான், ஆனால் தகவல் சரியில்லை.

கைக்குழந்தையோடு அல்லாடும் நாளில் ராத்திரியே நீர் ஊற்றி வைத்த சோறு, நாலு சின்ன வெங்காயம், கொஞ்சம் கறிவேப்பிலைத் துவையல்... இதைவிடச் சுலபமான காலைச் சாப்பாடு ஏது? தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் பி12-ஐ உண்டாக்குவது சில வகை நுண்ணுயிரிகள் மட்டுமே. சோற்றையோ இட்லி மாவையோ புளிக்க வைப்பவற்றை அதற்கு நம்பியிருக்க முடியாது. ஸ்பைருலினா என்ற நீலப்பச்சைப் பாசியில் இருப்பதும் பெரும்பாலும் நம் உடம்புக்கு உதவாத போலி வடிவம்தான். தாய்க்குக் குறைந்தால் தாய்ப்பாலிலும் குறையும், அதனால்தான் சொல்கிறேன்.

நீங்களே பார்க்கலாம்: அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் பி12 தகவல் பக்கத்தில், பாலூட்டும் தாய்க்கு ஒரு நாளைக்கு 2.8 மைக்ரோகிராம் என்று இருக்கும். அதே பக்க அட்டவணையில் பசலைக்கீரை, ராஜ்மா, வாழைப்பழம் எல்லாவற்றுக்கும் நேரே 0. சோயா பால் வாங்கினால் டப்பாவின் பின்பக்கம் பாருங்கள், பி12 சேர்த்திருந்தால் அச்சிட்டிருப்பார்கள். மாத்திரை, அளவு எல்லாம் ரத்தப் பரிசோதனை பார்த்து மருத்துவர் சொல்ல வேண்டியது.