எங்க லட்டு ஒன்னும் பண்ணாது

கடலூர், புதுச்சேரிப் பக்கம் நாய் வளர்ப்பவர்கள் கொஞ்சம் நின்று படியுங்கள். திட்டுவதாக இருந்தால் முழுதாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

எங்கள் வீட்டில் ஒரு லேப்ரடார். பெயர் லட்டு. மூன்று வயது, 32 கிலோ. சிலிண்டர் போட வருகிறவர் காலடியிலும் புரண்டு வயிற்றைக் காட்டும். அந்தத் தைரியத்தில், விடியற்காலையில் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனதும் கயிற்றை அவிழ்த்து விட்டுவிடுவேன். யாராவது பயந்து ஒதுங்கினால் தூரத்திலிருந்தே குரல் கொடுப்பேன், "ஒன்னும் பண்ணாதுங்க!"

போன மாசியில் ஒரு நாள், பெரியவர் ஒருவர் சிப்பிப்பாறை என்ற நாட்டு வேட்டை நாய் ஒன்றைக் கயிற்றில் பிடித்தபடி எதிரே வந்தார். வயதான நாய். ஒரு பின்னங்காலைத் தாங்கித் தாங்கி நடந்தது. லட்டு நேராக அதன்மேல் பாய்ந்தது, விளையாடத்தான். நான் வழக்கமான என் வசனத்தைச் சொல்லி முடிப்பதற்குள் சிப்பிப்பாறை லட்டுவின் காதைக் கவ்வியிருந்தது. பெரியவர் மணலில் விழுந்து கிடந்தார். நான் புத்தி கெட்டுப்போய் இரண்டு தலைக்கும் நடுவே கையை விட்டேன். என்னைக் கடித்தது எந்த நாய் என்று இன்றுவரை தெரியாது. லட்டுவாகவே இருக்கலாம்.

பெரியவர் எழுந்து வேட்டி மணலைத் தட்டிக்கொண்டே சொன்னார், "தம்பி, உங்க நாய் ஒன்னும் பண்ணாது, சரி. என் நாய் பண்ணும். அதனாலதான் கயித்துல புடிச்சிருக்கேன்."

வீட்டில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பினவனை நிறுத்தியது டீக்கடைக்காரர். குழாயைத் திறந்துவிட்டு, சோப்புக் கட்டியைக் கையில் கொடுத்து, 15 நிமிடம் கழுவ வைத்தார். வெறிநோய்க்கு எதிராக முதலில் செய்ய வேண்டியது அதுதான். மஞ்சள்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் காயத்தில் வைக்கக் கூடாது. ரத்தம் வந்த கடி என்பதால் மருத்துவமனையில் காயத்தைச் சுற்றி, வெறிநோய்க் கிருமியை உடனே எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் ஊசி போட்டார்கள். கூடவே தடுப்பூசி, அன்றைக்கு ஒன்று, அதிலிருந்து 3, 7, 28ஆம் நாட்களில் மற்றவை. "இரண்டுமே ஊசி போட்ட நாய்ங்க" என்று சொல்லிப் பார்த்தேன். நாய்களைப் பத்து நாள் கவனியுங்கள், ஊசியை இப்போதே ஆரம்பிக்கலாம் என்றார் மருத்துவர். நாய்ச்சண்டையில் தலைப்பக்கம் போகவே கூடாதாம். ஆளுக்கொரு நாயின் பின்னங்கால்களைத் தூக்கிப் பின்னால் இழுக்க வேண்டுமாம். கையில் கட்டோடு உட்கார்ந்து இதைப் படித்தேன்.

2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெருநாய் வழக்கில் உத்தரவு போட்டதிலிருந்து இங்கே தெருநாய்களைப் பற்றி ஒரே வாய்ச்சண்டையாக இருக்கிறது. நானும் இரண்டு பக்கமும் வாய் கொடுத்திருக்கிறேன். ஆனால் 2024 மே மாதம் சென்னை ஆயிரம்விளக்கு பகுதி மாநகராட்சிப் பூங்காவில் ஐந்து வயதுக் குழந்தையைக் குதறியவை தெருநாய்கள் இல்லை. இரண்டு வளர்ப்பு ராட்வீலர்கள். நம்மைப் போல ஒருவர் வீட்டில் சோறு தின்ற நாய்கள்.

அமெரிக்காவில் இருக்கும் அக்கா மகன் அடிக்கடி நாய்ப் பூங்கா வீடியோ அனுப்புவான். கலிபோர்னியாவின் பெர்க்லியில் 1979இல் தொடங்கிய பழக்கம் அது. ஹைதராபாத் கொண்டாப்பூரில்கூட 2018இல் மாநகராட்சியே ஒன்று திறந்தது. அங்கெல்லாம் வாசலில் இரண்டு கதவு வைத்திருப்பார்கள். முதல் கதவைச் சாத்திவிட்டு, நடுவில் நின்று கயிற்றைக் கழற்றிய பிறகே இரண்டாவதைத் திறக்க வேண்டும். எதற்கு இவ்வளவு சடங்கு என்று நினைத்திருக்கிறேன். இப்போதுதான் புரிகிறது. அவிழ்த்துவிட்ட நாய்களுக்கு நடுவே கயிற்றில் இருக்கும் நாய்க்கு ஓட வழியில்லை. ஓட முடியாத நாய்க்குக் கடிப்பது ஒன்றுதான் மிச்சம். அந்தச் சிப்பிப்பாறையை அன்றைக்கு நான்தான் அப்படி மாட்டிவிட்டேன். சின்ன நாய்களுக்கு அங்கே தனி இடம் ஒதுக்குவதற்கும் காரணம் இருக்கிறது. பொமரேனியன் மேல் லட்டு ஆசையாகக் காலைப் போட்டாலே எலும்பு முறியலாம்.

நமக்குக் கதவும் இல்லை, வேலியும் இல்லை. இருப்பது கடற்கரை, அதுவும் நமக்காக இருப்பதில்லை. தேவனாம்பட்டினத்தில் விடியும்போதே படகு கரையேறும். வலையை உதறிக் காயப்போடுவார்கள். கருவாடு காயும் பாய்க்குப் பக்கத்தில் அம்மாக்கள் காக்கை விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்த வலைமேல் காலைத் தூக்கிய நாயைப் பார்த்துச் சிரித்தபடி போட்டோ எடுத்தவரை நான் கண்ணால் பார்த்தேன். நம் மளிகைக்கடை அரிசி மூட்டையில் அது காலைத் தூக்கினால் சிரிப்போமா? லட்டுவும் ஒரு நாள் கருவாட்டுப் பாயில் வாய் வைத்தது. ஐந்நூறு ரூபாய் நீட்டினேன். அந்த அம்மா வாங்கவில்லை. "நாயப் புடிச்சிக்க சாமி, போதும்" என்றார். வாங்கியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

நாய் போனதை எடுக்கப் பை கொண்டு போவதைப் பற்றி எழுத எனக்கே அலுப்பாக இருக்கிறது. கொண்டு போங்கள். இணைசேரும் பருவத்தில் இருக்கும் பெட்டையையும் தடுப்பூசி முழுதாக முடியாத குட்டியையும் நாய்கள் கூடும் இடத்துக்குக் கொண்டு வராதீர்கள். குட்டிக்கு பார்வோ என்ற வைரஸ் நோய் வந்தால் பிழைப்பது கஷ்டம். பந்தும் பிஸ்கட்டும் வீட்டில் இருக்கட்டும், பாதிச் சண்டை அதற்குத்தான் வருகிறது. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் வண்டி விடாத நேரத்தில் சிலர், இழுக்க இழுக்க நீளும் அந்தப் பட்டைக் கயிற்றோடு வருவார்கள். நாய் காந்தி சிலைப் பக்கம், ஆள் செல்போனில். நடுவில் நடக்கிற தாத்தா பாட்டி தடுக்கி விழ வேண்டியதுதான்.

ஆனால் நான் சொல்ல வந்தது இதெல்லாம் இல்லை. நாயை அவிழ்த்துவிட அது சாதுவாக இருப்பது போதாது. கூப்பிட்டால் திரும்பி வர வேண்டும். மீன் நாற்றம் அடிக்கும்போதும், இன்னொரு நாய் தெரியும்போதும், குழந்தை கத்திக்கொண்டு ஓடும்போதும் ஒரே கூப்பிடலில் வர வேண்டும். லட்டு உலகமகா சாது. ஆனால் அன்று நான்கு தடவை கூப்பிட்டும் வரவில்லை.

இப்போது பத்து மீட்டர் நைலான் கயிறு வாங்கிப் பழக்குகிறேன். கூப்பிட்டு, வந்தால் அவித்த ஈரல் ஒரு துண்டு, உடனே மறுபடி விளையாட்டு. இத்தனை நாள் வீட்டுக்குக் கிளம்பும்போது மட்டும்தான் கூப்பிட்டிருக்கிறேன், தாமதமாக வந்தால் முதுகில் ஒன்று போட்டும் இருக்கிறேன். வந்தால் அடி, வராவிட்டால் ஆட்டம் என்றால் நானாக இருந்தாலும் வரமாட்டேன்.

போன ஞாயிறு அந்தப் பெரியவரைப் பார்த்தேன். லட்டுவைச் சுருக்கிப் பிடித்துக்கொண்டு இருபது அடி தள்ளி நின்றேன். அவரும் நின்றார்.

"கூப்பிட்டா வருதா?"

"பத்துக்கு ஏழு தடவை வருதுங்க ஐயா."

"அப்ப கயிறு கையிலயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, சிப்பிப்பாறையை அந்தப் பக்கமாக நடத்திக்கொண்டு போனார்.