ஆரோவெர்ஸை முடித்தது ஜேம்ஸ் கன் அல்ல

'டிசி ஸ்டுடியோஸ் தலைவரானதும் ஜேம்ஸ் கன் செய்த முதல் வேலை, ஆரோவெர்ஸ் தொடர்களை நிறுத்தியதுதான்' என்றொரு செய்தி பகிரப்பட்டு வருகிறது. அது தவறு, தேதிகளே இடிக்கின்றன.

ஆரோவெர்ஸ் என்பது டிசி காமிக்ஸ் நாயகர்களை வைத்து அமெரிக்காவின் சிடபிள்யூ தொலைக்காட்சியில் வந்த, ஒன்றோடொன்று இணைந்த தொடர்களின் உலகம். 2012 அக்டோபரில் 'ஆரோ' தொடரில் அது தொடங்கியது. 'தி ஃப்ளாஷ்', 'சூப்பர்கேர்ள்' என்று கிளைவிட்டு, 2019 டிசம்பரில் தொடங்கிய ஐந்து பகுதிக் கூட்டுக்கதையில் உச்சம் தொட்டது. அந்தக் கதை முடிந்த 2020 ஜனவரியிலேயே 'ஆரோ'வும் முடிந்துவிட்டது. 'பேட்வுமன்', 'லெஜண்ட்ஸ் ஆஃப் டுமாரோ' இரண்டும் 2022 ஏப்ரலில் கைவிடப்பட்டன. அப்போது சிடபிள்யூ தொலைக்காட்சி விற்பனைக்குப் பேசப்பட்டுக்கொண்டிருந்தது. பின்னர் நெக்ஸ்டார் என்ற ஊடக நிறுவனம் அதன் 75 சதவீதப் பங்கை வாங்கியது. 'தி ஃப்ளாஷ்' ஒன்பதாவது சீசனோடு முடியும் என்ற அறிவிப்பு வந்தது அதே ஆண்டு ஆகஸ்டில். கன் நியமிக்கப்பட்ட செய்தியோ அக்டோபர் இறுதியில்தான் வெளியானது!

கன் மீது கோபப்பட ரசிகர்களுக்கு வேறு காரணங்கள் இருக்கலாம், இது அதில் சேராது. சிடபிள்யூ, டிசி ஸ்டுடியோஸின் தாய் நிறுவனமான வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரி ஆகியவற்றின் அன்றைய அறிவிப்புகளில் தேதிகளைச் சரிபார்க்கலாம். இந்தச் செய்தியை மேலும் பகிர வேண்டாம்.