சாய ஊசி வீண் இல்லை
“ஓசிடி ஆஞ்சியோ வந்தாச்சு, இனி சர்க்கரை நோயாளிக்குச் சாய ஊசி வீண்” என்று கண் பரிசோதனை பற்றி எழுதியிருக்கிறீர்கள். பாதிதான் சரி. ஓசிடி ஆஞ்சியோ என்பது ஒளியால் கண்ணை ஸ்கேன் செய்யும் முறை; நகரும் ரத்த அணுக்களை வைத்தே விழித்திரைக் குழாய்களை வரைகிறது. ஊசி இல்லை, சில நொடிகளில் முடிந்துவிடும். எந்த நுண்குழாய் அடைபட்டிருக்கிறது என்பதை அருமையாகக் காட்டும். ஆனால் குழாயிலிருந்து வரும் கசிவு அதில் தெரியாது. ரத்தம் மிக மெதுவாக ஓடும் நுண்வீக்கங்களும் (குழாய்ச் சுவரின் சிறு புடைப்புகள்) விட்டுப்போகலாம்.

சாய ஊசி என்பது 1961இல் வந்த ஃபுளோரசின் பரிசோதனை; ஃபுளோரசின் சாயத்தை ஊசியில் ஏற்றிக் கண்ணைப் படமெடுப்பார்கள். அதில், புதிதாக முளைத்த குழாய் முதலில் கூரான வெள்ளைக் கோடாகத் தெரியும். அப்புறம் சாயம் ஒழுகி, பஞ்சுபோல் மங்கிப் பரவும். லேசர் சிகிச்சை பற்றிய முடிவுக்கு அந்தப் படம் பல நேரம் உதவும். மருத்துவர் எழுதிக் கொடுத்தால் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். சாயத்தால் தோல் மஞ்சளாவதும் சிறுநீர் நிறம் மாறுவதும் பெரும்பாலும் ஓரிரு நாளில் போய்விடும்.