மருந்து வச்சுட்டாய்ங்க

எங்கள் பக்கம் நாய் செத்தால் யாரும் காரணம் தேடுவதில்லை, ஆளைத்தான் தேடுவார்கள். "மருந்து வச்சுட்டாய்ங்க" என்று ஒருவர் சொன்னால் போதும், விசாரணை முடிந்தது. யார் வைத்தது என்பது மட்டும்தான் பாக்கி. அதற்கும் அதிக நேரம் ஆகாது. வரப்புத் தகராறு யாரோடு, மோட்டார் தண்ணீர்ச் சண்டை யாரோடு என்று பார்த்தால் ஆள் கிடைத்துவிடுவார்.

1994-ல் எங்கள் மணி செத்தபோது அப்படிக் கிடைத்தவர் பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பா. சொந்தப் பெரியப்பா இல்லை, முறைக்கு. அம்மா தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். அப்பா பேச்சை நிறுத்தினார். பெரியப்பா மகள் கல்யாணத்துக்கு நாங்கள் போகவில்லை, என் தங்கை கல்யாணத்துக்கு அவர்கள் வரவில்லை. ஒரு நாய்க்காக இரண்டு குடும்பம் முப்பது வருஷம் முகம் திருப்பிக்கொண்டு நடந்தது.

இந்தப் பதிவு அந்த மணியைப் பற்றியது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தோட்டம் கம்பத்திலிருந்து சுருளிப்பட்டி போகிற ரோட்டில் இருக்கிறது. திராட்சைப் பந்தல். பழம் வெட்டுகிற நாளில் பெண்கள் பந்தலுக்குக் கீழே வட்டமாக உட்கார்ந்து, கொத்தில் இருக்கிற வெடித்த பழம், அழுகல், பிஞ்சு எல்லாவற்றையும் சின்னக் கத்தரியால் கழித்துவிட்டுப் பெட்டியில் அடுக்குவார்கள். கழித்த உதிரி எல்லாம் தரையில் விழும். மணி அங்கேயேதான் படுத்துக் கிடப்பான். ஒவ்வொன்றாக நக்கித் தின்பான். "மணிக்கும் இன்னிக்குக் கூலி உண்டு" என்று சிரித்துக்கொண்டே அந்த அக்காமார் நல்ல பழத்தையும் சேர்த்துத் தூக்கிப் போடுவார்கள். நானும் போட்டிருக்கிறேன். வாயாலேயே எட்டிப் பிடிப்பான், அதைப் பார்க்க அவ்வளவு ஆசை.

அந்த வருஷம் வெட்டு முடிந்த ராத்திரி மணி வாந்தி எடுத்தான். மறுநாள் சோற்றைத் தொடவில்லை. தண்ணீரைக் குடித்துக் குடித்து அதையும் கக்கினான். வாயில் ஒரு மாதிரி வாடை. நாலாவது நாள் காலைத் தூக்கி நின்றான், ஒரு சொட்டு மூத்திரம் வரவில்லை. அன்று சாயந்திரம் மோட்டார் ரூம் பக்கத்தில் கிடந்தான்.

சரி, இப்போது 2023-க்கு வாருங்கள். எங்கள் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்த வருஷம். ஊரே பெருமையாக இருந்தது, நானும்தான். அந்த வருஷம் ஒரு வெட்டின்போது ஜூலி, நாட்டு நாய், பதினாலு கிலோ இருப்பாள், உதிரி போட்டு வைத்த கூடையில் தலையை விட்டுவிட்டாள். ராத்திரி வாந்தி. வாந்தியில் பழத்தோல். அம்மா "சூடு, மோரு ஊத்து" என்றாள். ஊற்றினோம். காலையில் சுருண்டு படுத்துவிட்டாள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏனென்றால் இந்தப் படுக்கையை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். ஊசியைக் கையில் எடுக்கும் முன்பே, "என்ன தின்னுச்சு, எப்பத் தின்னுச்சு, வாந்தில என்ன இருந்துச்சு?" என்று வரிசையாகக் கேட்டார். பழத்தோல் என்றேன். "திராட்சையா?" என்றார். முகம் மாறிவிட்டது. ரத்தம் எடுத்துப் பார்த்ததில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கிரியேட்டினின் ஏறியிருந்தது. மூன்று நாள் விடாமல் டிரிப்ஸ். "தின்ன ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல கொண்டுவந்திருந்தா வாந்தி எடுக்க வச்சே முடிச்சிருக்கலாம்ணே" என்றார். ஜூலி பிழைத்துவிட்டாள். நான்தான் பிழைக்கவில்லை. மூன்று நாளும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து மணியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

திராட்சை, உலர்ந்த திராட்சை இரண்டும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது கால்நடை மருத்துவர்களுக்குப் பல வருஷமாகத் தெரியும். எதனால் என்றுதான் பிடிபடாமல் இருந்தது. 2021-ல் அமெரிக்க மருத்துவர்கள் சிலர் டார்டாரிக் அமிலத்தைக் கைகாட்டினார்கள். பழத்தில் புளிப்பு தருகிற அமிலங்களில் அது ஒன்று. பழத்துக்குப் பழம், பருவத்துக்குப் பருவம் அதன் அளவு மாறும். அதனால்தான் ஒரு நாய் கூடையோடு தின்றுவிட்டு வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும், இன்னொரு நாய் ஒரு கைப்பிடியில் படுத்துவிடும். இவ்வளவு வரை கொடுக்கலாம் என்று அளவு சொல்ல வழியில்லை. மணி ஆறு வருஷம் தின்றான், ஏழாவது வருஷம் அவனுக்கு வாய்த்தது அப்படி.

டார்டாரிக் அமிலம் வேறு எதில் நிறைய இருக்கிறது தெரியுமா? புளியில். புளி தின்ற நாய்களுக்கும் அதே மாதிரி சிறுநீரகம் பழுதானதை 2022-ல் எழுதியிருக்கிறார்கள். ஒரு கரண்டி குழம்பு பட்டால் நாய் செத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் புதுப்புளி கொட்டை எடுத்துக் காயப்போடுகிற முற்றத்தில் நாய்க்கு என்ன வேலை?

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும். "அந்தக் காலத்துல எல்லாத்தையும்தான் தின்னுச்சு, என்ன ஆச்சு?" என் மாமாவும் இதைத்தான் கேட்டார். என்ன ஆச்சு என்றால், செத்தது. கணக்கு எழுதி வைக்க ஆளில்லை, அவ்வளவுதான். செத்த நாயை இழுத்துக் குழியில் போட்டுவிட்டு மறுவாரம் வேறு குட்டி கொண்டுவந்தோம். பிழைத்த நாய் மட்டும் கண்ணில் படும். செத்ததற்குத்தான் ஏற்கெனவே ஆள் பிடித்து வைத்திருக்கிறோமே.

குருணை மருந்து வைத்து நாயைக் கொல்வது நடக்காத விஷயம் இல்லை. கேரள அரசு 2011-ல் தடை செய்த பூச்சிமருந்துகளின் பட்டியலில் கார்போஃபியூரான், ஃபோரேட் இரண்டும் உண்டு. அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் குருணை என்றால் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான். இது உள்ளே போனால் நாலு நாள் எல்லாம் ஆகாது. நிமிஷக் கணக்கிலோ மணிக் கணக்கிலோ எச்சில் ஒழுகும், கண்ணீர் வடியும், கழிச்சல், உடம்பு வெட்டி வெட்டி இழுக்கும். மணிக்கு இதில் ஒன்றுமே இல்லை. வாந்தி, சோறு வேண்டாம், நாலாம் நாள் மூத்திரம் நின்றுபோனது. இந்த வித்தியாசம் அன்றைக்கு ஒருவருக்குத் தெரிந்திருந்தால் அம்மா கையில் மண் எடுத்திருக்க மாட்டாள்.

மருந்து என்றதும் இன்னொன்று. காலியான மருந்து டப்பாவைப் பாதியாக வெட்டிக் கழுவி நாய்க்குத் தண்ணீர் வைத்தது யார்? நாங்களேதான். கொடியில் பூஞ்சாணம் பிடிக்காமல் இருக்க அடிக்கிற போர்டோ கலவைக்கு மயில்துத்தம் கரைத்த வாளியைத் திறந்தபடி பந்தலில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போனதும் நாங்கள்தான். வெளியாள் மருந்து வைக்கத் தேவையே இல்லை, நாங்களே போதும்.

வெங்காயம் இதைவிடக் கள்ளத்தனம். சின்ன வெங்காயம், பூண்டு எல்லாம் ரத்தச் சிவப்பணுவை உடைக்கும். வேக வைத்தாலும் அந்தக் குணம் போகாது. பூனைக்கு உடம்பு எடையில் கிலோவுக்கு அஞ்சு கிராம் போனாலே கெடுதல். நம் வீட்டுப் பூனைக்கு அது மூன்று நாலு சின்ன வெங்காயம். நாய் இன்னும் கொஞ்சம் தாங்கும். தின்ற அன்று ஒன்றும் தெரியாது. நாலைந்து நாள் கழித்து ஈறு வெளுக்கும், மூச்சு வாங்கும். ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பையும் வியாழக்கிழமை மூச்சிரைப்பையும் யார் முடிச்சுப் போடுவார்கள்? எலும்பை மட்டும் கழுவிப் போடுகிறேன் என்பவர்களுக்கு: வெந்த கோழி எலும்பு கூராக ஒடிந்து குடலைக் குத்தும். அதுவும் வேண்டாம்.

கூடலூரில் என் சித்தியிடம் ஒரு பூனை இருந்தது. கறுப்பி. உடம்பு சுடுகிறது என்று சித்தி மருந்துக் கடையில் கேட்டிருக்கிறார். கடைக்காரர் அரை பாராசிட்டமால் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, குழந்தைக்குக் கொடுப்பதுதானே என்று நினைத்திருப்பார். சித்தி பாலில் கரைத்து ஊட்டினார். பூனையின் ஈரலுக்கு அந்த மருந்தை முறிக்கிற சக்தி கிடையாது. ரத்தம் காற்றைச் சுமக்க முடியாமல் போய்விடும். நான் போய்ப் பார்த்தபோது கறுப்பியின் முகம் வீங்கியிருந்தது. வாயைத் திறந்தால் ஈறு ரோஸ் நிறம் போய்ப் பழுப்பாக, சேற்றுத் தண்ணீர் நிறத்தில் இருந்தது. இதற்கு மாற்று மருந்து உண்டு, சீக்கிரம் போனால் பிழைக்க வைக்கலாம். நாங்கள் போகும் வழியிலேயே மடியில் அடங்கிவிட்டது. சித்தி இன்றுவரை "நானே குடுத்தேன், நானே குடுத்தேன்" என்கிறார். ஆசையாகக் கொடுத்தார் என்பதுதான் கொடுமை. நான் பார்த்த வரை நம் வீட்டுப் பிராணிகளைப் பகையைவிட ஆசைதான் அதிகம் கொல்கிறது.

மச்சான் குமுளியில் ஜீப் ஓட்டுகிறான். தேக்கடிக்கு வருகிற டூரிஸ்ட்டுகளுக்காக அங்கே கடைக்குக் கடை கையால் செய்த சாக்லேட் விற்கும். வரும்போதெல்லாம் ஒரு பை. பிள்ளைகள் தின்றது போக ஜூலிக்கும் ஒரு துண்டு என்று இருந்தது, இப்போது இல்லை. சாக்லேட்டில் இருக்கிற தியோபுரோமினை நாய் உடம்பு மெதுவாகத்தான் வெளியேற்றும். கறுப்பாக, கசப்பாக இருக்க இருக்க அது அதிகம். பத்துக் கிலோ நாய்க்கு நூறு கிராம் கறுப்பு சாக்லேட் போனால் இதயத் துடிப்பு தாறுமாறாகி வலிப்பு வரை போகலாம். சர்க்கரை இல்லாத சூயிங்கம் இன்னும் மோசம், பலவற்றில் இனிப்புக்காகப் போடுகிற சைலிட்டால் அரை மணி நேரத்தில் நாயைச் சாய்த்துவிடும்.

அந்தக் கடைகளில் ஒன்றில் இருக்கிற சேச்சி என்னைப் பார்த்தாலே ஊர் பேரைச் சொல்லச் சொல்லிச் சிரிப்பார். மலையாளத்தில் பட்டி என்றால் நாய். சுருளிப்பட்டி, அனுமந்தன்பட்டி, ஓடைப்பட்டி என்று நாம் அடுக்கினால் அவருக்கு நாய்ப் பண்ணை மாதிரி கேட்கிறது. ஊரெல்லாம் நாய், ஆனால் நாய்க்கு என்ன கொடுப்பது என்று தெரியாது என்று நானும் சேர்ந்து சிரித்தேன். அவர்தான் அரளியை ஞாபகப்படுத்தினார். 2024 மே மாதம் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூ சேர்க்கக் கூடாது என்று முடிவெடுத்தது. நாம் செவ்வரளி மாலையைச் சாமி படத்திலிருந்து கழற்றிக் குப்பையில் போடுகிறோம், ஆடு, மாடு, நாய் எல்லாம் அங்கேதான் மேய்கிறது. இலை, பூ, தண்டு எல்லாமே இதயத்தைப் பிடிக்கிற விஷம். மல்லிகைச் சரத்தில் பூ பரவாயில்லை, நூல்தான் ஆபத்து. பூனை விழுங்கினால் குடலைச் சுருக்குப் போட்டு இழுக்கும். பின்னால் நூல் தொங்குகிறது என்று பிடித்து இழுத்துவிடாதீர்கள், குடல் அறுந்துவிடும்.

பினாயில் ஊற்றித் துடைத்த தரை காய்வதற்குள் பூனையை உள்ளே விடாதீர்கள். நடந்த காலை நக்கும். பாச்சை உருண்டை, எலி மருந்து, நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைப் பூனைக்குத் தடவுவது, இதெல்லாம் சொல்லவே வேண்டாம்.

இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. விஷம் தின்றுவிட்டது என்றால் நம் ஆட்கள் முதலில் ஓடிப்போய் எடுப்பது உப்புத் தண்ணீர், இல்லாவிட்டால் சோப்புத் தண்ணீர். வாயைப் பிளந்து ஊற்றுவார்கள். உப்பே நாயைக் கொல்லும். ஆசிட், மண்ணெண்ணெய் மாதிரி எதையாவது குடித்திருந்தால் வாந்தி எடுக்க வைப்பதே தப்பு, ஏறி வரும்போது இன்னொரு தடவை சுடும், நுரையீரலுக்குள்ளும் போகும். தின்றதன் அட்டையையோ டப்பாவையோ கையில் எடுத்துக்கொண்டு, எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று ஞாபகம் வைத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடுவதுதான் வைத்தியம். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 1962-க்குப் போன் போடுங்கள். கால்நடை அவசர உதவி எண். தமிழ்நாடு, கேரளா இரண்டு பக்கமும் அதே எண்தான்.

ஜூலி வீட்டுக்கு வந்த வாரத்தில் பெரியப்பாவைப் போய்ப் பார்த்தேன். எண்பது தாண்டிவிட்டார், காது மந்தம். திண்ணையில் உட்கார்ந்து, திராட்சையிலிருந்து கிரியேட்டினின் வரை சத்தம் போட்டுச் சொன்னேன். தெருவே கேட்டிருக்கும். கடைசியில், "மணிக்கு நீங்க மருந்து வைக்கல பெரியப்பா" என்றேன், அவருக்கே தெரியாத விஷயத்தைச் சொல்கிற மாதிரி.

ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "அதுக்கு முந்துன வருஷம் என் கருவாயனும் அப்படித்தான்டா செத்தான். வெட்டு முடிஞ்ச நாலாம் நாளு" என்றார். "நாங்க ஒங்கப்பனத்தான் நெனச்சோம்."

அம்மாவிடம் வந்து சொன்னேன். ஒன்றும் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டாள். அந்த வீட்டுப் படியை இன்னும் மிதிக்கவில்லை. ஆனால் போன வெட்டில் நல்ல கொத்தாகப் பார்த்து ஒரு பெட்டி அடுக்கி என் கையில் கொடுத்தாள்.

"அவுககிட்டக் குடு. நாய்க்குப் போட்டுறாதீங்கன்னு சொல்லிக் குடு" என்றாள்.