லிங்க்கை அனுப்புங்கள், பெரியம்மாவை அனுப்பாதீர்கள்

கத்தியோடு ஒரு மீன்காரம்மா திட்டுகிற 19 வினாடி வீடியோ வாட்ஸப்பில் சுற்றுகிறதே, அதை வைத்து ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இன்பாக்ஸில் ஒரே கேள்விதான். "அந்த மீன்காரம்மா உங்க பெரியம்மாவா?" ஆமாம், என் பெரியம்மாதான். எடுத்தது நான்தான். அதை வெட்டிச் சுருக்கியது நான் இல்லை. பின்னால் ஓடுகிற டண்டணக்கா மியூசிக் நான் போட்டதில்லை. முகத்தில் கறுப்புக் கண்ணாடி ஸ்டிக்கர் ஒட்டி, கீழே "நார்த் மெட்ராஸ்னா சும்மாவா" என்று மஞ்சள் எழுத்தில் விட்டிருக்கிறார்களே, அதுவும் என் கைவேலை இல்லை. போதுமா?

போதாது என்று தெரியும். அதனால்தான் மதியச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். நீளமாகப் படிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு விஷயம் ஒரே வரிதான்: பிடித்திருந்தால் லிங்க்கை அனுப்புங்கள். வீடியோவை இறக்கி அனுப்பாதீர்கள்.

ஃபேஸ்புக்கில் நான் போட்டது 4 நிமிடம் 10 வினாடி. தடைக்காலத்தில் மீன் பார்த்து வாங்குவது எப்படி என்று. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அப்போது வடசென்னையின் காசிமேட்டுத் துறைமுகத்தில் கிடைப்பது ஃபைபர் போட்டுக்காரர்கள் கரைப்பக்கம் பிடித்து வருவதும், கேரளா பக்கமிருந்து ஐஸில் வருவதும்தான். அங்கே தடை ஜூனில்தான் தொடங்கும். எது அன்றைய மீன், எது ஐஸில் கிடந்த மீன் என்று பெரியம்மா ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டுகிறார். செவுள் எந்தச் சிவப்பில் இருக்க வேண்டும், கண் உள்ளே போயிருந்தால் என்ன அர்த்தம், விரலால் அமுக்கினால் குழி எப்படித் திரும்ப எழும்ப வேண்டும். சங்கராவின் செவுளைக் கட்டைவிரலால் நெம்பும்போது அவர் நகத்தோரத்தில் ஒரு செதில் ஒட்டிக்கொண்டு மின்னும். அதற்காகவே ஜூம் செய்திருந்தேன்.

மூன்றாவது நிமிடத்தில் ஒருவர் வண்டியில் வந்து நிற்கிறார். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. வஞ்சிரத்தை ஒவ்வொன்றாக எடுத்து அமுக்குகிறார், மோந்து பார்க்கிறார், வைக்கிறார். ஐந்தாவது மீனில் பெரியம்மா, "இன்னா நைனா, மீனுக்கு மாப்ள பாக்க வந்தியா?" என்கிறார். சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். அவருக்குச் சுருக்கென்றிருக்கும்போல. பாதி விலைக்குக் கேட்கிறார். இல்லை என்றதும், "நாறின மீனுக்கு இவ்ளோ ராங்கியா? உங்களுக்கெல்லாம் இந்த நாத்தமே பழகிப்போச்சு" என்கிறார்.

உங்களுக்கெல்லாம். அந்த வார்த்தைக்கு அப்புறம்தான் நீங்கள் பார்த்து ரசித்த 19 வினாடி. கையில் இருந்தது மீன் வெட்டிக்கொண்டிருந்த கத்தி. தேடிப்போய் எடுத்த கத்தி இல்லை. பேசியது என்னவோ பேசியதுதான். அதை இங்கே எழுத முடியாது.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியுமா? அந்த ஆள் வண்டியைக் கிளப்பும்போதுதான் பெரியம்மா கவனிக்கிறார், பெட்ரோல் டேங்க் மேல் ஒரு குழந்தை உட்கார்ந்திருக்கிறது. கூப்பிட்டு, நடுவாந்திரமாக ஒரு விலைக்கு, சுத்தம் செய்து துண்டு போட்டுக் கொடுக்கிறார். மேலே ஒரு கை நெத்திலி. "கொயந்தைக்கு வறுத்துக் குடு, காரம் போடாத." என் வீடியோ அங்கேதான் முடிகிறது. வாட்ஸப்பில் சுற்றுவதில் வண்டியும் இல்லை, குழந்தையும் இல்லை.

லிங்க்கை அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? என் பக்கத்துக்கு வந்திருப்பார்கள். முழுசாகப் பார்ப்பதும் பாதியில் போவதும் அவரவர் இஷ்டம். நான் ஏதாவது தப்பாகச் சொல்லியிருந்தால் கீழே திருத்தம் போடலாம். வேண்டாம் என்று தோன்றினால் எடுத்துவிடலாம், ஊரெல்லாம் போன லிங்க்கும் அதோடு செத்துவிடும். இறக்கி அனுப்பினால் பெயர் போச்சு, தேதி போச்சு, முன்னும் பின்னும் போச்சு. வாட்ஸப்பில் "எல்லோருக்கும் அழி" கொடுக்க அனுப்பியவருக்கே இரண்டரை நாள்தான் அவகாசம். அதுவும் அவர் அனுப்பிய ஒன்றுதான் போகும். அதிலிருந்து கிளை பிரிந்தவை அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். 2016-லிருந்து வாட்ஸப்பில் எல்லாமே பூட்டிய கடிதம் மாதிரி. அனுப்புபவரும் பெறுபவரும் தவிர யாரும் படிக்க முடியாது. நல்லதுதான், என் வீட்டுக் கதையை எவனும் படிக்க வேண்டாம். ஆனால் என் பெரியம்மா இன்று எத்தனை குரூப்பில் கத்தியோடு நிற்கிறார் என்று எனக்கும் தெரியாது, அந்தக் கம்பெனிக்கும் தெரியாது.

எனக்கே வந்தது. இரட்டை அம்புக்குறியோடு, "பலமுறை ஃபார்வர்டு செய்யப்பட்டது" என்று. அனுப்பியது யார் தெரியுமா? சித்தப்பா மகன். "அக்கா, செம காமெடி, பாரு." கண்ணாடி ஸ்டிக்கரில் அவனுக்கே அடையாளம் தெரியவில்லை. அவன் சின்ன வயதில் சாப்பிட்ட மீனெல்லாம் அந்தக் கை வெட்டியது.

ஒரு தடவைக்கு ஐந்து பேர் அல்லது குரூப்புக்கு மேல் ஃபார்வர்டு போகாது என்று ஒரு கட்டுப்பாடு இருக்கிறதே, அது எப்படி வந்தது என்று யாருக்காவது நினைவிருக்கிறதா? 2018. பிள்ளை பிடிக்கிற கும்பல் வந்திருக்கிறது என்ற வதந்தி. இங்கேயிருந்து பழவேற்காடு எவ்வளவு தூரம்? அங்கே ஒரு மனிதரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். அதே மாதம் திருவண்ணாமலைப் பக்கம் கோயிலுக்குப் போன வயதான சென்னைப் பெண்மணி ஒருவர் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்திருக்கிறார். அவ்வளவுதான், முடித்துவிட்டார்கள். அந்த வருடம் இந்தியா முழுக்க ஒரு வீடியோ சுற்றியது. தெருவில் விளையாடும் குழந்தையை பைக்கில் வந்த இருவர் தூக்கிக்கொண்டு பறப்பார்கள். அது கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். கடைசியில் அதே பைக் திரும்பி வந்து குழந்தையை இறக்கிவிடும், எச்சரிக்கை எழுதிய ஒரு அட்டையைத் தூக்கிக் காட்டுவார்கள். எவனோ அந்தக் கடைசியை மட்டும் வெட்டிவிட்டான். ஜூலையில் வாட்ஸப் இந்தியாவுக்கு ஐந்து என்று கணக்கு வைத்தது.

"கொலையையும் காமெடியையும் ஒப்பிடுறியா?" என்று வரிந்துகட்டிக்கொண்டு வருவீர்கள். இரண்டும் ஒன்று இல்லை, எனக்கும் புத்தி இருக்கிறது. வெட்டிய இடத்தைத்தான் பார்க்கச் சொல்கிறேன்.

தேதி இல்லாமல் சுற்றுவது என்ன செய்யும் என்பதற்கு எங்கள் தெருவிலேயே கதை உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் பக்கத்து வீட்டுத் தம்பி, "படகு வேண்டுமென்றால் கூப்பிடுங்கள்" என்று தன் நம்பரோடு ஒரு மெசேஜ் போட்டான். நல்ல மனசு. வெள்ளம் வடிந்து, வீட்டைக் கழுவி, பொங்கலும் வந்துவிட்டது, படகு கேட்டு போன் நிற்கவில்லை. அடுத்த வருடம் வர்தா புயல் அன்று அதே மெசேஜ் மறுபடி உயிரோடு எழுந்து வந்தது. அவன் சிம்மையே மாற்றினான்.

இப்போது எனக்குப் பதில் சொல்ல வந்த நம் அறிஞர்களுக்கு வருகிறேன்.

"பப்ளிக்ல போட்டுட்டு அழுதா எப்படி?" ஒருவர் உவமையோடு வந்தார். தெருவில் கோலம் போட்டால் நாலு பேர் மிதிக்கத்தான் செய்வார்களாம். மிதித்துவிட்டுப் போங்கள் ஐயா, யார் வேண்டாம் என்றது? பேர்த்துக்கொண்டு போய் உங்கள் வாசலில் ஒட்டி, நடுவில் உங்கள் பெயரையும் எழுதிக்கொள்கிறீர்களே.

"லிங்க்கைத் தொட்டா லாகின் கேக்குது, எங்கம்மாவுக்கு ஃபேஸ்புக் இல்ல." இது நியாயம். எங்கள் அத்தைக்கும் அதே கதிதான். இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. யூட்யூபிலும் சேர்த்துப் போட்டிருக்க வேண்டும், சோம்பல். ஆனால் வெட்டாமல் முழுசாக, கூடவே "இன்னார் எடுத்தது" என்று இரண்டு வார்த்தை தட்டி அனுப்பினால் விரலா தேய்ந்துவிடும்?

"நீ மட்டும் மீம் ஷேர் பண்றதில்லையா?" பண்ணியிருக்கிறேன். அடுத்தது.

"ஃபேமஸ் ஆயிட்டீங்க, ட்ரீட் எப்போ?" என் வீடியோவைப் பார்த்தவர்கள் 1,340 பேர். வெட்டியதை, அதை வெட்டிப் போட்ட பேஜில் மட்டும் 6 லட்சம் பேர். பேஜின் பெயரைச் சொல்ல மாட்டேன், எதற்கு அவனுக்கு இன்னும் நாலு ஃபாலோயர்? அவனுக்கு மெசேஜ் போட்டேன். கைகூப்பும் பொம்மை ஒன்று அனுப்பினான். கைகூப்பி ட்ரீட் கேட்பவர்கள் அவனிடமே கேட்கலாம்.

"போன்ல தட்டுறதுக்கு இன்னா பெரிய உழைப்பு?" அப்படியா? மண்ணடியில் ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதுகிறேன். தண்டையார்பேட்டையிலிருந்து மெட்ரோவில் மூன்று ஸ்டேஷன். அந்தச் சில நிமிடத்தில் போனிடம் பேசிப் பேசித்தான் பாதிப் பதிவு எழுதுவது. நான் கானாங்கெளுத்தி என்றால் அது "காணாம கழுத்து" என்று எழுதும். பக்கத்து சீட்டு ஆள் எழுந்து தள்ளிப் போவார். அந்த 4 நிமிடத்துக்கு கீழே எழுத்து ஓட்ட எனக்கு ஒரு ராத்திரி முழுக்க ஆனது, காது கேளாதவர்களும் படிக்கட்டும் என்று. அவனுக்கு வெட்ட எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

திருட்டு ஒன்றும் புதுசு இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். 2008-இல் பிரௌசிங் சென்டரில் மணிக்கு 20 ரூபாய் கொடுத்து பிளாகரில் எழுதிய ஆள் நான். கடைசி ஐந்து நிமிடத்தில் கரண்ட் போய், சேமிக்காத பதிவு போய், காசு மட்டும் கொடுத்துவிட்டு வந்த நாளெல்லாம் உண்டு. அப்போதும் ஒருத்தர் என் பதிவை அப்படியே எடுத்து, கீழே "நன்றி: மின்னஞ்சலில் வந்தது" என்று போட்டார். மின்னஞ்சல் என்ன தானாகவா எழுதிக்கொண்டது? இப்போது அதற்குப் பெயர் "படித்ததில் பிடித்தது". டிக்டாக்கை ஆயிரம் திட்டினோம். ஆனால் அதில் இறக்கிய வீடியோவின் மேல் எடுத்தவர் பெயர் இங்கும் அங்கும் குதித்துக்கொண்டே கூட வரும். 2020 ஜூன் 29-ஆம் தேதி தடை போட்டதும் எங்கள் பேட்டைப் பசங்களின் கானா, டான்ஸ் எல்லாம் ஒரே ராத்திரியில் காணாமல் போனது. இன்றைக்கு மிச்சம் இருப்பது யாராவது இறக்கி வைத்த பிரதிகள்தான். (ஆமாம், இது என் வாதத்துக்கு எதிராகப் போகிறது. தெரிகிறது. இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், வெட்டாதீர்கள், பெயரை அழிக்காதீர்கள். சரியா?)

உண்மையில் என்னைக் குடைவது வேறு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு கொசஸ்தலை ஆற்றில் எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரம் முழுக்கப் படர்ந்ததே, அப்போதும் ஒரு வீடியோ போட்டேன். மாமா வலையைத் தூக்கிப் பிடித்திருப்பார். கறுப்பாக, பாகு மாதிரி, நின்று நின்று சொட்டும். அவர் ஒரு வார்த்தை பேசமாட்டார், சொட்டுகிற சத்தம் மட்டும்தான். 212 பேர் பார்த்தார்கள். அதைத் திருடியிருக்கலாமே? மியூசிக் போட்டு, மஞ்சள் எழுத்து ஓட்டி, ஆறு லட்சம் பேருக்குக் காட்டியிருக்கலாமே? "நார்த் மெட்ராஸ்னா சும்மாவா" என்று அதற்கல்லவா எழுதியிருக்க வேண்டும்? ஒருத்தனும் தொடவில்லை. எங்களிடம் உங்களுக்கு வேண்டியது 19 வினாடிதான். கத்தியும் கெட்ட வார்த்தையும். மிச்ச மூன்று நிமிடம் 51 வினாடி உங்களுக்கு போரடிக்கும்.

கடையில் கூட வேலை செய்கிற தோழி கேட்டாள். "அந்த இடத்தை நீயே வெட்டிட்டுப் போட்டிருக்கலாம் இல்ல?" போடலாம்தான். போனிலேயே ஒரு நிமிட வேலை. வெட்டவில்லை. முழுசாக இருக்கட்டும், நடந்தது நடந்தபடி இருக்கட்டும் என்று அவளிடம் சொன்னேன். அந்த இடம் இருந்தால்தான் ஓடும் என்று ஒரு மூலையில் எனக்கும் தெரியும். அதை அவளிடம் சொல்லவில்லை.

நேற்று சாயங்காலம் நாலு காலேஜ் பசங்கள் கடைக்கு வந்து, போனை நீட்டி, "பாட்டி, அந்த டயலாக்கை ஒரு தடவை சொல்லேன்" என்றிருக்கிறார்கள். பெரியம்மாவிடம் இருப்பது பட்டன் போன். என்ன ஏது என்று புரியாமல் என்னிடம் கேட்டார். வேறு வழியில்லாமல் வெட்டியதைப் போட்டுக் காட்டினேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கி, தூரப் பிடித்து, இரண்டு தடவை பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"இதுல அந்த கொயந்த எங்க?" என்றார்.

என்னுடையதை முழுசாகப் போட்டுக் கொடுத்தேன். கடைசி வரை பார்த்தார். நெத்திலி அள்ளிப் போடுகிற இடம் வந்ததும், "அன்னிக்கு நெத்திலி நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார். திரையில் ஒரு செதில் ஒட்டியிருந்தது.