ரதி எங்கே பார்க்கிறாள்?

கலைஞர்களைப் பேட்டி காண்பவர்கள்மீது எனக்குத் தீராத மனக்குறை உண்டு. எந்த ஊர், எத்தனை வயதில் ஆட வந்தீர்கள், என்ன விருது வாங்கினீர்கள், இந்தக் கலை அழிந்துவருவது வருத்தமாக இல்லையா. இந்த நான்கு கேள்விகளோடு எழுந்துவிடுகிறார்கள். தச்சர் வீட்டுக்குப் போய் உளியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் திரும்பி வருகிற மாதிரிதான் இது.

போன மாசியில் நீலகிரியில் கூடலூர் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டக் குடியிருப்புக்குப் போயிருந்தேன். 1964-இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக முடிவானது. அந்த வழியில் இலங்கை மலையகத்திலிருந்து வந்த பலர், 1968-இல் தமிழக அரசு தொடங்கிய டேன்டீ தேயிலைத் தோட்டங்களில் வேலைக்குச் சேர்ந்தார்கள். நான் பார்க்கப்போன ஐயாவும் அப்படிப்பட்ட குடும்பம்தான். சிறுவனாகத் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர். மன்மதன், ரதி கதையை ஆடிப்பாடும் காமன் கூத்தை அப்பாவிடமிருந்து கற்றுக்கொண்டு, இருபது ஆண்டுகளுக்குமேல் ரதி வேடம் கட்டியிருக்கிறார்.

எனக்கு முன்பே ஒரு தொலைக்காட்சிக் குழு வந்துபோயிருந்தது. பட்டப்பகலில், ஐந்து நிமிடம், சிரித்த முகமாக ஆடச் சொன்னார்களாம். சிவனின் நெற்றிக்கண்ணில் கணவன் எரிந்து சாம்பலானபின் ரதி புலம்பும் இடம் அது! இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரமாக இருக்கிறது. ஐயா மறுக்காமல் ஆடிக்காட்டினாராம். வீட்டுக்கு வந்தவர்களை எப்படி வெறுங்கையோடு அனுப்புவது என்றார்.

நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "புலம்பல் பாடும்போது எங்கே பார்ப்பீர்கள், ஐயா?"

சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "களத்தில் நட்டிருக்கிற காமன் கம்பத்தின் அடியைப் பார்ப்பேன், தம்பி. கூட்டத்தைப் பார்த்தால் அங்கே அழுகிற பெண்கள் கண்ணில் படுவார்கள். எனக்கும் அழுகை வந்துவிடும். தொண்டை அடைத்துக்கொண்டால் பாட்டு நின்றுபோகும். அழ வேண்டியவள் ரதி. நான் பாட வேண்டும்" என்றார்.

அதன்பின் இரண்டு மணி நேரம் அவர் நிறுத்தவில்லை. பனி இறங்கினால் தப்பு என்ற பறையின் தோல் தொய்ந்து ஓசை மந்தமாகிவிடும். சமவெளியில் ஒருமுறை காய்ச்சினால் போதுமென்றால் இங்கே நாலைந்து முறை தீயில் காட்ட வேண்டும். அந்த நேரத்தில் ஆட்டம் நின்றுவிடக் கூடாது என்பதற்காக, மன்மதனோடு வாக்குவாதத்தை நீட்டிக்கொண்டே போவாராம். தப்புக்காரர் தலையசைத்தால்தான் அடுத்த பாட்டு. விடியவிடிய மைக் இல்லாமல் பாடுவதற்கு முதல் இரண்டு மணி நேரம் குரலை அடக்கியே வைத்திருக்க வேண்டும் என்பதையும் அவர்தான் சொன்னார். நாம் 'கிராமியக் கலை' என்று ஒற்றைச் சொல்லில் சுருட்டி வைப்பதற்குள் எவ்வளவு கணக்கு இருக்கிறது!

நீலகிரியின் படுகர் மக்களின் ஊரான ஹட்டி ஒன்றில் ஆட்டம் பார்த்தபோதும் இப்படித்தான். எல்லாரும் வெள்ளை உடையைப் பற்றிக் கேட்கிறார்கள். பாட்டியும் பேத்தியும் ஒரே வட்டத்தில் எப்படி அடி பிசகாமல் ஆடுகிறார்கள் என்று கேட்டால், முன்னால் போகிறவரின் குதிகாலைப் பார்க்கச் சொல்லித்தருகிறார்கள்.

ஐயாவிடம் ஐரோப்பாவின் ஆப்பெரா என்ற இசை நாடகத்தைப் பற்றியும் பேசினேன். அங்கேயும் மைக் இல்லாமல், ஓர் இசைக்குழுவின் முழக்கத்தைத் தாண்டிக் கடைசி வரிசைவரை குரலை எட்டவைக்க ஆண்டுக்கணக்கில் பயிற்சி எடுக்கிறார்கள். 1896-இல் அரங்கேறிய, இத்தாலிய இசையமைப்பாளர் பூச்சீனியின் 'லா போயெம்' கதையில் மிமி என்ற பெண் காசநோயால் சாகிறாள். அந்த வேடம் போடுபவர் கட்டிலில் சாய்ந்தபடி, உயிர் போகிறவளின் மெலிந்த குரலில், ஆனால் அரங்கம் முழுவதும் கேட்கும்படி பாட வேண்டும்.

ஐயா உடனே கேட்டார்: "படுத்துக்கொண்டு பாடினால் வயிறு அமுங்குமே, அந்த அம்மா மூச்சை எங்கிருந்து எடுக்கிறார்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் பாயை விரித்து மல்லாந்து படுத்தார். விலாவில் ஒரு கையை வைத்துக்கொண்டு, கூரையைப் பார்த்தபடி, ரதியின் புலம்பலை முதல் அடியிலிருந்து பாடத் தொடங்கினார்.