ஐந்து வருடம் சரி, பரீட்சைதான் இல்லை

பிரிட்டனில் டாக்டர்கள் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மறுபடி பரீட்சை எழுதிப் பாஸாக வேண்டும் என்று ஒரு தகவல் சுற்றுகிறது. ஐந்து வருடம் சரி. ஆனால் அங்கே டாக்டர்களுக்கு உரிமம் தரும் ஜெனரல் மெடிக்கல் கவுன்சில் 2012 டிசம்பரில் தொடங்கிய 'ரீவேலிடேஷன்', அதாவது அந்த உரிமம் தொடரலாமா என்று பார்க்கும் ஏற்பாடு, பெரும்பாலானவர்களுக்குப் பரீட்சை இல்லை. எடுத்த பயிற்சிகள், வந்த புகார்கள், நோயாளிகளும் சக ஊழியர்களும் எழுதிக்கொடுத்த கருத்துகள் எல்லாவற்றையும் கோப்பாக்கி, வருடா வருடம் மதிப்பீட்டுக்கு உட்கார வேண்டும் (பரீட்சையே தேவலை என்று அலுத்துக்கொள்கிறவர்களும் இருப்பார்கள்). அதை வைத்துத்தான் பொறுப்பு அதிகாரியின் (வேலை பார்க்கும் இடத்தில் இதைக் கவனிக்கும் மூத்த டாக்டர்) பரிந்துரை, அப்புறம் கவுன்சிலின் முடிவு. பரிந்துரைக்க அப்படி யாரும் இல்லாத சிலருக்கு மட்டும் எழுத்துத் தேர்வு உண்டு. சந்தேகம் இருந்தால் கவுன்சிலின் இணையதளத்தில் ரீவேலிடேஷன் வழிகாட்டியைத் திறந்து, டாக்டர்கள் என்னென்ன சமர்ப்பிக்க வேண்டும் என்ற பகுதியைப் படித்துப் பாருங்கள்.